ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
(உசிலம்பட்டியில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவலுக்கு நடுவே வந்து அமர்ந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, பொன்னாடை வேண்டாம், துண்டு போதும் என்று சொல்லிக் குழுப் பணத்தை மிச்சம் பிடித்த குழுத் தலைவி அவர்களே, செல்லம்பட்டியிலிருந்தும் சேடப்பட்டியிலிருந்தும் எழுமலையிலிருந்தும் கடைசிப் பேருந்துக் கவலையோடு வந்திருக்கும் தாய்மார்களே, வெயில் பாராமல் வீடு வீடாக ஏறி இறங்கும் கிராம சுகாதார செவிலியர்களே, அனைவருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேறுகாலத்தில் ஒரு தாய் சாவதற்கு மூன்று தாமதங்களைச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுக்கத் தாமதம், போய்ச் சேரத் தாமதம், சேர்ந்த இடத்தில் வைத்தியம் கிடைக்கத் தாமதம். மூன்றையும் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதல் தாமதத்தைத் தலைவி அவர்களே நன்றாகச் சொல்லிவிட்டார். இரண்டாவதற்கு 2008 முதல் நமக்கு 108 வண்டி இருக்கிறது. மலையடிவாரத்து ஊர்களுக்குப் பாதை சரியில்லை. அதைச் சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் குறித்துக்கொண்டிருக்கிறார், நன்றி. மூன்றாவதுக்கு வருகிறேன்.

2023-ஆம் ஆண்டில் உலகம் முழுக்கச் சுமார் 2,60,000 தாய்மார்கள் கர்ப்பத்தாலும் பேறுகாலத்தாலும் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 100-க்கு 92 பேர் குறைந்த வருமான, கீழ்நடுத்தர வருமான நாடுகளில். அந்த வரிசையில் நம் நாடும் நிற்கிறது. கால் பங்குக்கும் மேல் நைஜீரியா என்ற ஒரே நாட்டில். 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள், தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. உயிரைக் குடிக்கும் காரணங்களில் முன்னால் நிற்பது உதிரப்போக்கு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். காலை ஆறு மணிக்குப் பால் சொசைட்டி வாசலில் நின்று பாருங்கள். அப்பத்தா ஒருவர் கேனை நீட்டுகிறார். ஊற்றி அளந்த தம்பி 4 லிட்டர் 400 என்று எழுதுகிறார். "ஏப்பா, வீட்டுல நாலரை அளந்துதானே கொண்டாந்தேன். நூறு மில்லி எங்க போச்சு?" "அது நுரை அப்பத்தா." "நுரையா? அடங்கட்டும், நான் இருக்கேன்." படியில் உட்கார்ந்துவிடுகிறார். பின்னால் வரிசை முனகுகிறது. "பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகணும்" என்கிறார் ஒருவர். அப்பத்தா அசையவில்லை. நுரை அடங்கி, மறுபடி அளந்து, கொழுப்பு எவ்வளவு, இதரச் சத்து எவ்வளவு என்று அட்டையில் ஏறிய பிறகுதான் எழுந்திருக்கிறார். அதே அப்பத்தா பேத்தியின் பிரசவ அறை வாசலில் நிற்கிறார். "ரத்தம் எம்புட்டுப் போச்சு தாயி?" பதில் வருகிறது: "கொஞ்சம் அதிகம்தான்."

பாலுக்கு மில்லி. பேத்தியின் ரத்தத்துக்குக் "கொஞ்சம்".

இந்த மேசையில் கிடக்கும் பழைய பருத்திச் சேலையைப் பாருங்கள். கூட்டம் தொடங்குமுன் சிவப்புச் சாயத் தண்ணீரில் நனைத்தது. எவ்வளவு இருக்கும் என்று கேட்டபோது முன்வரிசையில் ஒரு டம்ளர் என்றார்கள், ஒன்றரை என்றார்கள். ஊற்றியது 700 மில்லி, மூன்றரை டம்ளர். 500 மில்லி போனாலே அது அதிக உதிரப்போக்கு. துணியில் ஊறினாலும், வாளியில் பனிக்குட நீரோடு கலந்தாலும் கண்ணளவு ஏமாற்றும், பெரும்பாலும் குறைத்தே காட்டும். திடமான இளம்பெண்ணுக்கு நிறைய ரத்தம் போகும்வரை பிரஷர் இறங்காது. இறங்கும்போது நேரம் போயிருக்கும். ரத்தசோகை உள்ளவருக்கு அவ்வளவு தாக்குப்பிடிக்கும் திராணியும் கிடையாது.

பரிகாரம் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. குழந்தை பிறந்து பனிக்குட நீர் வடிந்ததும் தாயின் இடுப்புக்கு அடியில் விரிக்க வேண்டும். ரத்தம் சரிந்து அதன் பையில் சேரும். பையில் மில்லிக் கோடுகள் இருக்கும். 300-ஐத் தொட்டு, நாடித்துடிப்போ பிரஷரோ மாறியிருந்தால் 500 வரை காத்திருக்கக் கூடாது. கர்ப்பப்பையை வயிற்றின் மேலாகப் பிசைந்து கெட்டிப்படுத்துவது, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் மருந்து, ரத்தம் உறைந்து நிற்க உதவும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் 10 நிமிடத்தில் மெதுவாக நரம்பில் (பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள்), சலைன், உள்ளே கிழிசல் உண்டா என்று பார்ப்பது. ஒன்று பலிக்கிறதா என்று பார்த்து அடுத்தது என்றில்லாமல், 15 நிமிடத்துக்குள் எல்லாம் சேர்ந்து நடக்க வேண்டும். நிற்கவில்லையா, உடனே சீமாங்க் மையம், அதாவது தாய்க்கும் சேய்க்கும் முழு அவசர சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆஸ்பத்திரிகளில் இப்படிச் செய்து பார்த்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். பழைய முறையில் அதிக உதிரப்போக்கு 100-க்கு 51 பேரிடம்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அளந்த இடங்களில் 93. கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. நம்மை விட வசதி குறைந்த பல ஊர்களில் நடந்தது இது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை அவர்கள் செய்துவிட்டார்கள்.

ஆக்சிடோசினைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. சித்திரை வெயிலில் கரண்டு போய் ஃபிரிட்ஜ் நின்றால் வீரியம் குறையும். குப்பி பார்க்க அதே தெளிவோடுதான் இருக்கும், ஊசி போட்டவருக்கும் தெரியாது.

வாசல் மேசையில் மனு இருக்கிறது. வட்டார மருத்துவ அலுவலர் அவர்கள் இங்கேயே வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். நம் வட்டாரத்தில் பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு அளவு விரிப்பு, போன ரத்தத்தைத் தாயின் அட்டையில் எண்ணாக எழுதுவது, ஃபிரிட்ஜின் டிகிரியைக் காலையும் மாலையும் குறிப்பது, இவ்வளவுதான் அதில் கேட்டிருக்கிறோம். கைநாட்டு வைப்பவர்களுக்கு மை டப்பா அங்கேயே இருக்கிறது. எழுமலைக்காரர்கள் முதலில் போய் வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் பேருந்துதான் முதலில் கிளம்புகிறது.