அந்தச் சான்றிதழை எழுதியது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். போரில் பொதுமக்களைப் படையினர் கொன்றால் பெரும்பொறுப்பு சுட்டவனுக்கா, மேலதிகாரிக்கா என்பது தலைப்பு. மேலதிகாரிக்கே என்று பேச வந்தவன், 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்றுதான் தொடங்குவான் என எதிரணி காத்திருக்கும். தொடங்க மாட்டேன். அம்புக்கு மனம் கிடையாது, சிப்பாய்க்கு உண்டு. சுட்டவன் குற்றவாளிதான். ஆனால் கணக்கு அவனோடு முடிந்துவிடுகிறதா?

எதிரணித் தலைவர் வியட்நாமின் மை லாயை இழுத்தார். அங்கேயே போவோம். 1968 மார்ச் 16 காலை, அமெரிக்கப் படையினர் அந்த ஊருக்குள் நுழைந்து பெண்களையும் முதியவர்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள். வியட்நாம் கணக்கில் 504 பேர்; அமெரிக்க ராணுவக் கணக்கில் 347. 'எங்கோ இருந்த தளபதிகளுக்கு என்ன தெரியும்?' என்கிறார். எங்கோ இல்லை ஐயா! தாக்குதலை நடத்திய அதிகாரியும், அவருக்கு மேலிருந்த பிரிகேட் தளபதியும் அன்று காலை ஹெலிகாப்டரில் அந்த ஊருக்கு மேலேதான் பறந்தார்கள்.

சரி, வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். காகிதத்திலுமா தெரியவில்லை? மேலே போன அறிக்கை சொன்னது: கொல்லப்பட்ட எதிரிகள் 128, கைப்பற்றிய ஆயுதங்கள் 3. அந்த 128 பேரும் மூன்று துப்பாக்கிகளை முறைவைத்து வாங்கியா சண்டை போட்டார்கள்? கணக்கு இப்படி இடித்தால் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர்கூடக் கடையைச் சாத்திவிட்டு மறுபடி எண்ணுவார். இங்கே தலைமைத் தளபதியிடமிருந்து பாராட்டு வந்தது.

ஜப்பானியத் தளபதி யமாஷிடாவை 1946-இல் தூக்கிலிட்டது யார்? இதே அமெரிக்க ராணுவம்தான். பிலிப்பைன்ஸில் அவருடைய படைகள் செய்த கொலைகளுக்கு அவர் கட்டளையிட்டதாக நிறுவப்படவில்லை. படையை அடக்கத் தவறினார் என்பதே குற்றம். அதே ராணுவத்தின் கேப்டன் மெடினா, மை லாய்க்குள் நுழைந்த படைப்பிரிவின் தலைவர், ஊர் எல்லையிலேயே நின்றவர், 1971-இல் விடுதலை ஆனார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது என்று நிறுவ வேண்டும் என்றார் ராணுவ நீதிபதி. தோற்றவனுக்கு 'தெரிந்திருக்க வேண்டும்'. தன் ஆளுக்கு 'தெரிந்திருந்தால்தான்'. தமிழாசிரியர்கள் கவனிக்க, ஒரு விகுதியில் ஓர் உயிர் தப்பியது.

கடைசியில் மை லாய்க்காகத் தண்டனை பெற்றவர், மெடினாவுக்குக் கீழே இருந்த லெப்டினன்ட் கேலி ஒருவர் மட்டுமே. ஆயுள் தண்டனை, பெரும்பகுதி வீட்டுக்காவலாகச் சுருங்கி, மூன்றரை ஆண்டில் தீர்ந்தது.

'விமானி தாம்ப்சன் எதிர்த்து நின்றாரே, மற்றவர்களுக்கு என்ன வந்தது?' என்று எதிரணித் தலைவர் கேட்டபோது கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். சுடவந்த தன் நாட்டுப் படைக்கும் ஊர்மக்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கியவர் அவர். பிணங்கள் கிடந்த வாய்க்காலிலிருந்து அவருடைய குழு ஒரு குழந்தையை உயிரோடு தூக்கி வந்தது. அன்றே அவர் அதிகாரிகளிடம் முறையிட்டார். ஆக, செய்தி மேலே போனது. மேலே போய்த்தான் செத்தது.

பிறகு அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். கடும் துப்பாக்கிச் சண்டையின் நடுவிலிருந்து குழந்தையைக் காப்பாற்றியதற்காக என்றது சான்றிதழ். அங்கே சண்டையே நடக்கவில்லை. தாம்ப்சன் அதைத் தூக்கி எறிந்தார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. அடுத்து வரும் எதிரணித் தோழர் ஒன்றை மட்டும் சொல்லட்டும்: அந்தச் சான்றிதழை எழுதியது எந்தச் சிப்பாய்?