நாலு புறாவும் ஒரு பல்கனியும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஹட்டன் நகரத்தில், கீழே கடைகளும் மேலே வீடுகளுமாக இருக்கிற ஒரு நாலு மாடிக் கட்டடத்தில், மூன்றாம் மாடியில் நான் குடியிருக்கிறேன். முப்பது வருடம் தோட்டப் பாடசாலைகளில் கணக்குப் படிப்பித்தேன். இன்றைக்கு என் பல்கனியில் இருக்கிற புறாக்களைப் பற்றிப் பேசும்படி கூப்பிட்டிருக்கிறார்கள். கணக்கும் கொஞ்சம் வரும். கணக்குத் தெரியாமல் புறா வளர்த்தால் என்ன ஆகும் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயரைப் பாருங்கள். மாடப்புறா. மாடம் என்றால் மாடி வீடு. சுவரில் விளக்கு வைக்கிற குழியையும் மாடம் என்றுதான் சொல்வோம். இந்தப் பறவையின் முன்னோர்கள் கடலோரப் பாறைகளிலும் மலைப்பாறை இடுக்குகளிலும் குடியிருந்தவை. மரக்கிளையில் கூடு கட்டுகிற பழக்கம் அவற்றுக்கு இல்லை. கோயில் கோபுரம், கடைக்கூரையின் விளிம்பு, ஜன்னலுக்கு மேலே இருக்கிற சிமெந்துத் தட்டு எல்லாம் அதன் கண்ணுக்குப் பாறைதான். அதனால், மாடி வீட்டில் புறா வளர்க்கலாமா என்று யாராவது கேட்டால், புறாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிடுவேன். சிரமமெல்லாம் மேல்வீட்டுக்காரருக்கும் கீழ்வீட்டுக்காரருக்கும்தான். அதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

எனக்கு இந்தப் பைத்தியம் அப்பாவிடமிருந்து வந்தது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அந்தப் பக்கச் சுவரில் பழைய தேயிலைப் பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஆணியடித்து அப்பா கூடு செய்திருந்தார். இப்போது தேயிலை கடதாசிச் சாக்கில் போகிறது. அந்தக் காலத்தில் பலகைப் பெட்டி, விளிம்பெல்லாம் தகரம். புறாக்கூட்டுக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. உள்ளே ஈரம் இறங்காது, எலியும் லேசில் கடித்துவிடாது. மலையிலிருந்து அப்பா இறங்கி வருகிற நேரம் அந்தப் பறவைகளுக்குத் தெரியும். கூரையில் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்பா போன பிறகு, நான் நகரத்துக்குக் குடிவந்தபோது, கடைசியாக மிஞ்சிய நாலு புறாக்களைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாகப் புறா வாங்குகிற எல்லோரும் இதில்தான் தவறுகிறார்கள்.

பல்கனியில் கம்பி வலை அடித்து, பத்து நாள் அடைத்து வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டன, குனுகின, என் கையிலேயே வந்து உட்கார்ந்தன. சரி, பழகிவிட்டன என்று நினைத்து ஒரு காலையில் வலையைத் திறந்துவிட்டேன். நாலும் மேலே எழும்பி, கட்டடத்தை இரண்டு சுற்று சுற்றின. அப்புறம் மலைப்பக்கம் திரும்பிப் போய்விட்டன. மத்தியானம் வரைக்கும் பல்கனியிலேயே நின்றேன். இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்த அக்கா. "டீச்சர், ஒங்க புறா நாலும் இங்க வந்திருச்சி. பழைய கூரை மேலதான் குந்தியிருக்கு. ஒங்க அப்பா வருவாருன்னு பாக்குதுங்க போல இருக்கு" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அன்றைக்கே பஸ் பிடித்துப் போனேன். இருட்டின பிறகு புறா அசையாது, கையால் எடுத்துவிடலாம். திரும்பவும் கூடை, திரும்பவும் பஸ். இந்த முறை ஒரு மாதம் அடைத்து வைத்தேன். திறந்தேன். மறுபடியும் போய்விட்டன. மூன்றாம் முறை இரண்டு மாதம். ஒரு பெட்டை மட்டும் நின்றது. மற்ற மூன்றும் லயத்துக்கே போயின.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. புறா ஆளை அடையாளம் கண்டுகொள்ளும், கையில் சாப்பிடும், எல்லாம் உண்மைதான். ஆனால் அது திரும்பிப் போவது ஆளைத் தேடி அல்ல. தான் முதன்முதலில் பறந்து பழகிய கூட்டைத் தேடிப் போகிறது. சூரியனை வைத்தும், பூமியின் காந்தப் புலத்தை வைத்தும், காற்றில் வருகிற வாசத்தை வைத்தும், பாதைகளையும் ஆறுகளையும் பார்த்தும் திசை கண்டுபிடிக்கிறது என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். எத்தனையோ வளைவு உள்ள நம்முடைய தோட்டத்துப் பாதையில், மூடிய கூடையில் பஸ்ஸில் வந்த புறா, ஒரே எழும்பலில் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டது.

இந்தக் குணத்தை நம் நாட்டில் தொழிலுக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். 1850களில் வெளிநாட்டுத் தபால் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்குத்தான் வந்தன. கொழும்பில் இருந்த சிலோன் ஒப்சேவர் பத்திரிகை, கப்பலில் வந்த செய்தியைப் புறாக்காலில் கட்டிக் கொழும்புக்கு வரவழைத்தது. தந்திக் கம்பி வந்த பிறகுதான் அந்த வேலை நின்றது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தப் புறாக்கள் காலிக்குத் தாமாகப் பறந்து போகவில்லை. கொழும்பில் வளர்ந்த புறாவை வண்டியில் காலிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து அது வீட்டுக்கு வரும். ஒரு வழிப் பயணம்தான். என் புறாக்கள் லயத்துக்குப் போனதும் அதே கணக்குதான்.

ஆகவே, வளர்ந்த புறாவை வாங்கி வந்து பறக்கவிடாதீர்கள். அது உங்கள் வீட்டை வீடு என்று ஏற்றுக்கொள்வது அபூர்வம். ஒரு சோடியை வலைக்குள்ளேயே வைத்து, அது உங்கள் பல்கனியில் பொரிக்கிற குஞ்சைப் பழக்குங்கள். ஐந்து, ஆறு வாரத்துக் குஞ்சு முதன்முதலில் வெளியே எட்டிப் பார்க்கிற இடம்தான் அதற்குச் சாகும்வரை வீடு. என் வீட்டில் நின்றுவிட்ட அந்தப் பெட்டைக்கு ஒரு சேவல் வாங்கிச் சோடி சேர்த்தேன். அவற்றின் பிள்ளைகள்தான் இன்றைக்குப் பறந்துவிட்டு என் பல்கனிக்குத் திரும்பி வருகின்றன. லயத்துக்குப் போன மூன்றையும் பிறகு நான் கூட்டிவரவில்லை. அந்த அக்கா வளர்த்தார். தேயிலைப் பெட்டிக் கூடும் அங்கேயே இருக்கிறது.

சரி, இனி கணக்குக்கு வருகிறேன். நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரே ஒரு எண். நாலு. மாடி வீட்டில் நாலு புறா, அதாவது இரண்டு சோடி, அதற்கு மேல் வேண்டாம்.

ஏன் என்று பாருங்கள். ஒரு சோடி ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும். பதினேழு, பதினெட்டு நாளில் பொரிக்கும். தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும். காலையில் வெயில் ஏறினதிலிருந்து பின்னேரம் வரை பெரும்பாலும் சேவல்தான் உட்காரும். குஞ்சுக்குப் பாலும் இரண்டும் கொடுக்கும். புறாவுக்கு ஏது பால் என்று கேட்காதீர்கள். தொண்டைப் பையில் தயிர்க்கட்டி மாதிரி ஒன்று ஊறும்; முதல் நாட்களில் குஞ்சுக்கு அதுதான் உணவு. தகப்பனும் பால் கொடுக்கிற பறவை இது. அப்பா இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

அந்தக் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும் முன்னமே தாய் அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும். தீனி தாராளமாக இருந்தால் வருடத்துக்கு ஐந்து ஈடு லேசாக வரும். ஐந்து தரம் இரண்டு, பத்து குஞ்சு. இரண்டு சோடிக்கு இருபது. பிறந்த குஞ்சுகளும் ஆறு மாதத்தில் சோடி சேரும். ஒரு வருட முடிவில் உங்கள் பல்கனி என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில் புறா வளர்ப்பு சண்டையில் முடிந்தது எல்லாம் இப்படித்தான். ஆசையில் குறை இல்லை, கணக்கில்தான் குறை.

வழி சுலபம். குஞ்சு வேண்டாம் என்றால், முட்டை இட்டவுடன் எடுத்துவிட்டு மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த வெள்ளை முட்டையை வையுங்கள். அதன் மேல் நாள் கணக்குக்கு உட்கார்ந்துவிட்டு அதுவாகவே எழும்பிவிடும். ஒன்றையும் வைக்காமல் முட்டையை எடுத்தால் பெட்டை உடனே அடுத்ததை இடும். அதன் உடம்பில் உள்ள சுண்ணாம்புச் சத்து எல்லாம் போய்விடும். நாலு. இந்த எண்ணை மறக்காதீர்கள்.

அடுத்தது ஈரம். நம்முடைய மலையில் குளிருக்குப் பயந்து சிலர் புறாக்கூட்டைச் சாக்குப் போட்டு மூடுகிறார்கள். வேண்டாம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நுவரெலியா ஜனவரிக் குளிரையும் புறா தாங்கும். தாங்காதது ஈரம். மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை. உடுப்புக் காயாது, தீப்பெட்டி பற்றாது, சுவரில் பூஞ்சணம். அந்த மாதங்களில் மூடி வைத்த கூட்டுக்குள் எச்சமும் ஈரமும் சேர்ந்து புளித்துப் போகும். வயிற்றோட்டம், சளி எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. மழைக்காற்று நேரே அடிக்காத பக்கத்தில் கூட்டை வையுங்கள். மேலே தகரம், மழைப் பக்கம் பலகை, முன்பக்கம் முழுவதும் வலை. அடித்தளமும் வலையாக இருந்தால் எச்சம் கீழே தட்டில் விழும். தட்டில் பழைய பத்திரிகையை விரித்துத் தினமும் மாற்றலாம். மரத்தூள் போடாதீர்கள், நம் ஊரில் அது இரண்டு நாளில் நனைந்த பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

பறக்கவிடுவது காலையில். மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. மூடுபனிக்குள் மாட்டிய புறா திசை தெரியாமல் எங்கேயாவது ஒரு கூரையில் இறங்கிவிடும். அங்கே பூனையோ மரநாயோ இருந்தால் அவ்வளவுதான். தீனி போடும் முன் பசியோடு விடுங்கள். நான் ஒரு பழைய பால்மா டின்னில் சோளத்தைப் போட்டுக் குலுக்குவேன். அந்தச் சத்தத்துக்கு எங்கே இருந்தாலும் வந்துவிடும்.

இனி, அயல்வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு என்றால் என்ன காயும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லா வீட்டுப் பல்கனியிலும் வெள்ளை யூனிபோர்ம். கீழ்வீட்டுத் தங்கச்சி கஷ்டப்பட்டுத் தோய்த்து நீலம் போட்டுக் காயவிட்ட பிள்ளையின் சட்டையில் என் புறா எச்சம் போட்டுவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. சட்டையைக் கொண்டுவந்து, "டீச்சர், நாளைக்கு இவனுக்கு இது ஒன்னுதான் இருக்கு" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. நானே தோய்த்து, அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்து, ஸ்திரிக்கை போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து சனி, ஞாயிறு என் புறாக்கள் வலைக்குள்தான். வலைக்குக் கீழே விளிம்பில் தகரத் தட்டும் அடித்தேன். கூடு வைக்கும் முன்னமே மேல்வீட்டையும் கீழ்வீட்டையும், வீட்டுச் சொந்தக்காரரையும் கேட்டுவிடுங்கள். நான் பிந்தித்தான் கேட்டேன். அது என் பிழை.

அதே வீட்டுப் பிள்ளைக்கு மூச்சிழுப்பும் இருந்தது. இதை எல்லோரும் கவனமாகக் கேளுங்கள். புறா இறகிலிருந்து மா மாதிரி வெள்ளைத் தூள் எப்போதும் உதிரும். காய்ந்த எச்சமும் தூசியாகப் பறக்கும். வருடக் கணக்காக அதைச் சுவாசித்தால் சிலருடைய நுரையீரல் கெட்டுப்போகும். புறா வளர்ப்பவர்களுக்கு வருகிற நோய் என்று வைத்தியர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். காய்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, நனைந்த பிறகு சுரண்டி எடுங்கள். வாயையும் மூக்கையும் மூடும் மாஸ்க் போடுங்கள். படுக்கை அறைப் பக்கம் கூடு வேண்டாம். வீட்டில் இழுப்பு உள்ளவர் இருந்தால், எவ்வளவு ஆசை இருந்தாலும் மாடி வீட்டில் புறா வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். நான் என் கூட்டைக் கட்டடத்தின் மறுபக்கத்துக்கு மாற்றினேன். அந்தப் பக்கத்தில் ரயில் சத்தம் கூட, ஆனால் கீழே யாருடைய ஜன்னலும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். தீனியும் நோயும் மிச்சம் இருக்கின்றன. வேகமாகச் சொல்கிறேன்.

ஒரு புறாவுக்கு ஒரு நாளைக்கு சுமார் முப்பது கிராம் தானியம் போதும். சோளம், பயறு, கௌபி, குரக்கன், நெல் என்று கலந்து கொடுங்கள். வெறும் அரிசி போதாது. கோழித் தீவனக் கடையில் சிப்பித்தூள் கிடைக்கும், அது கட்டாயம் வேண்டும், முட்டை இடுகிற பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து அதிலிருந்துதான் கிடைக்கும். வெயில் வந்த நாளில் ஒரு பேசினில் தண்ணீர் வையுங்கள், குளிக்கும்.

கழுத்தைத் திருகிக்கொண்டு கொத்துகிற தானியம் தவறிப் போனாலும், பச்சைத் தண்ணீராக எச்சம் போனாலும், வாய்க்குள் மஞ்சள் கட்டி தெரிந்தாலும், அந்தப் புறாவை உடனே தனியாக வைத்து மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். கடையில் மாத்திரை வாங்கி நீங்களே கொடுக்காதீர்கள்.

காட்டில் பறக்கிற மணிப்புறாவையோ, ஹோட்டன் சமவெளிப் பக்கம் இருக்கிற, இலங்கையை விட்டால் வேறெங்கும் இல்லாத காட்டுப்புறாவையோ பிடித்து அடைக்காதீர்கள். அதற்குத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

கடைசியாக, மழைக்காலத்தில் சோளம் வாங்கும்போது ஒரு பிடி எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். பூஞ்சண வாடை அடித்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள், அது புறாவின் ஈரலைக் கெடுக்கும். நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.