ஊருணிக் குமிழியும் கடலடிக் குமிழியும்

வணக்கம் நேயர்களே. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருப்பவர்கள் கோடையில் ஊருணிச் சேற்றில் இறங்கியிருப்பீர்கள். காலை ஊன்றினால் பொளபொளவென்று குமிழி கிளம்பி கணுக்காலை உரசிக்கொண்டு மேலே வரும். அதில் பெரும்பங்கு மீத்தேன். காற்றுப் புகாத சேற்றில் இலைதழை மட்கும்போது நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு.

1776இல் இத்தாலியில் வோல்ட்டா, பின்னாளில் மின்கலம் செய்தாரே அவரேதான், மஜோரே ஏரியில் படகில் போய், சேற்றைக் குச்சியால் கிளறி, நீர் நிரப்பிய பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து அந்தக் குமிழிகளைச் சேர்த்தார். நெருப்பைக் காட்டினார், நீலமாய் எரிந்தது. எங்கே பேசப் போனாலும் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. ஒரு குச்சி, ஒரு பாட்டில், அவ்வளவுதான்! (பிள்ளைகளா, நெருப்பு மட்டும் வேண்டாம்.)

சரி, கடலுக்கு வருவோம். கடலடியிலும் இதே வாயு பல இடங்களில் தானாகக் கசிகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடேற்றும், அதனால் இது காற்றில் கலந்துவிடுமோ என்று பயம் வருவது நியாயம்தான். ஆனால் ஆழ்கடலில் கசிவது அநேகமாக மேலே வந்து சேர்வதில்லை. முதலில் சேற்றிலேயே ஒரு பெரும்பங்கை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. ஆக்சிஜன் இல்லாமலே, கடல்நீரின் சல்பேட்டை வைத்துக்கொண்டு. தப்பி வரும் குமிழியோ ஏற ஏற மீத்தேனைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வாங்கிக்கொள்கிறது. மேலே வந்து உடையும் குமிழியில் பல நேரம் வெறும் காற்றுதான் இருக்கும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: குமிழி வந்தது என்பதாலேயே மீத்தேன் வந்துவிட்டது என்று ஆகாது.

அதற்காகக் கடல் சும்மா விழுங்கிவிடுகிறது என்று நினைக்காதீர்கள். கரைந்த மீத்தேனை வேறு நுண்ணுயிர்கள் கரியமில வாயுவாக்கும்போது அங்கே ஆக்சிஜன் குறையும், அமிலத்தன்மை கூடும்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் 2006இல் கடலடியைத் துளையிட்டு எடுத்த, மீத்தேன் அடைபட்ட பனிக்கட்டி பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், முடியவில்லை. ஆழம் குறைந்த கடல் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே குமிழிக்கு முழுதும் கரைய நேரம் போதாது. கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவை ஒட்டிய கோல் ஆயில் பாயிண்ட்டில் அது மேலே கொப்பளிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம், அப்படி மேலே வந்து சேரும் மீத்தேன் நேராகக் காற்றில்தான் கலக்கிறது. நன்றி, வணக்கம்.