வைரத்தைச் சுத்தியலால் அடித்தால்

வணக்கம். உறுதியான மரத்தை 'வைரம் பாய்ந்த மரம்' என்கிறோம். குழப்பம் அந்தப் பேச்சிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு வைரக்கல்லைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் என்ன ஆகும்? சுத்தியல்தான் உடையும் என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. இல்லை, கல்தான் சிதறும். ஆனால் வெட்கப்பட வேண்டாம். ரோமாபுரியின் பழங்கால அறிஞர் ப்ளினியும், அடித்தால் சம்மட்டிதான் பிளக்கும் என்ற ரீதியில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கடினத்தன்மை வேறு, உடையாத உறுதி வேறு. எது எதைக் கீறும் என்பதுதான் கடினத்தன்மை. 1812இல் ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் பத்துக் கனிமங்களை இந்தக் கணக்கில் வரிசைப்படுத்தினார். டால்க் 1, வைரம் 10. நம் நகம் சுமார் 2.5. அதனால் ஜிப்சத்தை (2) நகத்தாலேயே கீறிவிடலாம். கால்சைட்டிடம் (3) நகம் தோற்றுவிடும்.

கீறிப் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. குவார்ட்ஸ் என்ற படிகக்கல் துண்டின் மேல் கத்தி முனையை இழுங்கள். பளிச்சென்று ஒரு கோடு விழும். கீறிவிட்டோம் என்று சந்தோஷப்படுவதற்கு முன், விரலை ஈரமாக்கித் தேயுங்கள். கோடு போய்விட்டதா? அப்படியானால் தேய்ந்தது கத்தி. கல்லில் ஒட்டியிருந்தது அதன் இரும்புப் பொடி.

மோஸ் தந்தது ரேங்க் மட்டும்தான், மதிப்பெண் அல்ல. வைர முனையை அழுத்திப் பள்ளத்தை அளக்கும் நூப் முறையில் பாருங்கள்: குவார்ட்ஸ் (7) சுமார் 800, குருந்தம் (9) சுமார் 2000, வைரமோ 7000 அளவில் நிற்கிறது. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு படி இல்லை, ஒரு மலையே இருக்கிறது. மாணிக்கமும் நீலக்கல்லும் இந்தக் குருந்தம்தான். ஆங்கிலப் பெயர் கொரண்டம்கூட நம் குருந்தத்திலிருந்து போனதுதான் என்பார்கள்.

சரி, அத்தனை கடினமான வைரம் ஏன் உடைகிறது? அதன் அணு அடுக்கில் பிணைப்புகள் குறைவாகக் குறுக்கிடும் தளங்கள் நான்கு திசைகளில் உள்ளன. அந்தத் திசையில் தட்டினால், வாகு பார்த்து விறகைப் பிளப்பதுபோல் பிளந்துவிடும். 1905இல் கிடைத்த 3106 காரட் கலினன் வைரத்தை 1908இல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் அப்படித்தான் பிளந்தார். முதலில் இன்னொரு வைரத்தால் சிறு வெட்டு போட்டு, அதில் எஃகுத் தகட்டை வைத்து ஓர் அடி. வைரத்தைக் கீறவே முடியாத எஃகு அதைப் பிளந்தது!

நெஃப்ரைட் என்கிற பச்சைக்கல் நேர் எதிர். மோஸ் கணக்கில் 6, 6.5தான். ஆனால் நுண்ணிய இழைகள் பாய்க்கோரைபோல் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், விரிசல் ஓட நேர்வழி கிடைக்காது. கற்காலத்தில் அதைக் கோடரியாக்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. அதைச் செதுக்கி உடைக்க முடியாததால், சீனத்துக் கைவினைஞர்கள் ஈர மணலைப் போட்டுப் பொறுமையாகத் தேய்த்தார்கள். மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், கடினம் 7. சம்மட்டிக்கு மசியாத கல் அந்த மணலுக்கு மசிந்தது.