தடவ வாற கையைக் கண்டா நாய் ஏன் ஒதுங்குது?

வணக்கம். பின்னேரம் திருகோணமலை டச்சு பே கடற்கரையில நாயைச் செயினில பிடிச்சுக்கொண்டு ஒருத்தர் வந்தா போதும், "வடிவான நாய், கடிக்குமோ அண்ணை?" எண்டு கேட்டுக்கொண்டே, பதில் வர முதல் தலையில கையை வச்சிடுவினம். அவரும் "சீச்சீ, ஒண்டும் செய்யாது" எண்டிடுவார்.

(காட்சி: நாயின்ர முகம், கிட்டத்தில)

இப்ப முகத்தை வடிவாப் பாருங்கோ. சாப்பாடு ஒண்டும் இல்லை, ஆனா நாக்கு வந்து மூக்கை நக்கிட்டு உள்ள போகுது. பிறகு ஒரு கொட்டாவி, நித்திரையால இல்லை. தலையை மற்றப்பக்கம் திருப்புது, கண் மட்டும் அந்தக் கையிலயே நிக்குது, அதால கண் ஓரத்தில வெள்ளை தெரியுது. காது பின்னால படிஞ்சு, உடம்பின்ர பாரம் பின்னங்காலுக்குப் போகுது. இவ்வளவும் ரெண்டு மூண்டு செக்கனுக்குள்ள நடந்து முடிஞ்சிடும்.

வால் ஆட்டுதுதானே எண்டு நம்பவும் ஏலாது. விறைப்பா உயத்தி, சின்னச் சின்னனா ஆட்டினா அது டென்ஷன். 2007ல இத்தாலி ஆய்வாளர்கள் 30 நாயை வச்சுப் பாத்ததில, வளக்கிற ஆளைக் கண்டா வால் நாயின்ர வலப்பக்கம் கூட ஆடினது, தெரியாத முரட்டு நாயைக் கண்டா இடப்பக்கம்.

குட்டி 3 கிழமையில இருந்து கிட்டத்தட்ட 14 கிழமை வரைக்கும்தான் புது ஆக்களை லேசாப் பழகும். அந்த நேரம் கேற்றுக்குள்ளயே கிடந்த குட்டிக்கு பிறகு ஹெல்மெட் போட்ட ஆளும் பயம், தாடி வச்ச ஆளும் பயம். ரோட்டில கல்லெறி வாங்கின நாய்க்கு மேல இருந்து வாற கையே போதும். கோட்டைக்குள்ள கோணேசர் கோயிலுக்குப் போற வழியில நிக்கிற மான் பிடிக்காட்டி விலகிப் போயிடும், செயினில நிக்கிற நாய்க்கு அந்த வழியும் இல்லை, கடைசியா மிச்சம் இருக்கிறது உறுமல்தான்.

அந்த உறுமலுக்குத்தான் எங்கட ஆக்கள் அடிக்கிறவை! தயவு செய்து அடிக்காதேங்கோ. பயம் அப்பிடியேதான் இருக்கும், எச்சரிக்கை மட்டும் நிண்டிடும், அடுத்த முறை சத்தமே இல்லாமக் கடி விழும், பிறகு "சும்மா நிண்ட பிள்ளையைக் கடிச்சிட்டுது" எண்டு நாயைத்தான் பேசுவினம்.

தடவ ஆசையெண்டா முதல்ல வளக்கிறவரிட்ட கேளுங்கோ, கேட்டிட்டுக் கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டா நில்லுங்கோ, கண்ணை உத்துப் பாக்காதேங்கோ, குனிஞ்சு மேல விழாதேங்கோ. அதுவா வந்து மணந்து பாக்கட்டும். வந்தா நெஞ்சில, இல்லாட்டி கழுத்துப் பக்கத்தில ஒரு மூண்டு செக்கன் தடவிட்டுக் கையை எடுங்கோ, திரும்ப ஒட்டிக்கொண்டு வந்தா தொடருங்கோ, அப்பிடியே விறைச்சு நிண்டா விட்டிடுங்கோ.

நாய் வளக்கிற ஆக்களுக்கு: "வேண்டாம் அக்கா, இவனுக்குப் பயம்" எண்டு வாய் திறந்து சொல்லுங்கோ, சொல்லிட்டு நாய்க்கும் அவைக்கும் நடுவில நீங்க நில்லுங்கோ. மற்றவை என்ன நினைப்பினமோ எண்டு பாத்து நாயை மாட்டி விடாதேங்கோ, அது உங்களை நம்பித்தான் நிக்குது.

அப்பிடியும் கடிச்சிட்டா கோப்பித்தூள், மஞ்சள் ஒண்டும் பூசாதேங்கோ. ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவிட்டு, சின்னக் கீறல் எண்டாலும், ஊசி போட்ட நாய் எண்டாலும், உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.