லெ ழான்தியின் மேகம்

பெரியோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். வானம் மூட்டமாக இருக்கிறது, மாடித் தொலைநோக்கியில் இப்போதைக்கு எதுவும் தெரியாது என்கிறார்கள். முகம் சுளிக்காதீர்கள். புதுச்சேரி வானத்திடம் நம்மைவிட மோசமாக ஏமாந்தவர் ஒருவர் உண்டு.

கியோம் லெ ழான்தி, பிரெஞ்சு வானியலாளர். 1761-இல் சூரியனின் முகத்தை வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்க இந்த ஊருக்குக் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. வெள்ளி கடந்த அன்று மனிதர் நடுக்கடலில்; ஆடுகிற கப்பலில் இருந்து எதை அளப்பது? அடுத்த கடப்பு 8 ஆண்டு கழித்து. பிரான்சுக்குத் திரும்பாமல் இருந்துவிட்டார். புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரரிடம் வந்ததும் இங்கே வந்தார், தமிழர் கிரகணம் கணிக்கும் முறையையும் கற்றுக்கொண்டார். 1769 ஜூன் 4, விடியற்காலை. மேகம்! வெள்ளி கடந்து முடிந்த பிறகு சூரியன் பளிச்சென்று வெளியே வந்தது. பிரான்சுக்குப் போனால், இவர் செத்துவிட்டார் என்று வாரிசுகள் சொத்தில் கை வைத்திருந்தார்கள்.

அவர் தவறவிட்டதைப் போன்ற கடப்பை வைத்துத்தான் வேற்றுச் சூரியன்களின் கோள்களை இன்று பெரும்பாலும் பிடிக்கிறோம். கோள் நம் கண்ணுக்குப் படாது. அது குறுக்கே போகும்போது விண்மீனின் வெளிச்சம் துளி மங்கும். எவ்வளவு? இதோ கால்பந்து, சூரியன். இது எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டிக் கடுகு, பூமி. பின்வரிசைக்குக் கடுகு தெரிகிறதா? தெரியாது, அதுதான் சங்கதியே. பந்தின் முகத்தில் ஏறக்குறைய 12,000-இல் ஒரு பங்கைத்தான் இது மறைக்கும். அதுவும் பூமி மாதிரிக் கோள் என்றால் ஆண்டுக்கு ஒரு தடவை, 13 மணி நேரம் போல. மூன்று தடவையாவது பார்த்தால்தான் நம்பலாம். அதனால்தான் 2009-இல் ஏவிய கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி, வானத்தின் ஒரே மூலையில் ஒன்றரை லட்சம் விண்மீன்களை 4 ஆண்டு வெறித்துப் பார்த்தது. மேகமே இல்லாத இடத்தில்!

'வாழத்தகுந்த கோள்' என்று செய்தி வந்தால், அங்கே யாரோ குடியிருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் உறையாமலும் ஆவியாகாமலும் தங்கக்கூடிய தூரத்தில் சுற்றுகிறது, அவ்வளவுதான். காற்று இருக்கிறதா என்பது வேறு கேள்வி. டிராப்பிஸ்ட்-1 என்ற செங்குறு விண்மீன் 40 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது, அதற்கு ஏழு கோள்கள். உள்ளே இருக்கும் இரண்டையும் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தது. அடர்ந்த காற்று தென்படவில்லை. நான்காவதான 'இ' கோள் நல்ல தூரத்தில் இருக்கிறது. அது கடக்கும்போது ஓரத்துக் காற்றில் வடிகட்டி வரும் ஒளியைத் தேடுகிறார்கள். ஆனால் அந்த விண்மீனின் முகத்திலேயே புள்ளிகள். அவை காற்றின் தடயம் போலவே ஏய்க்கும். லெ ழான்திக்கு மேகம், இவர்களுக்குப் புள்ளி. ஒரு சலுகை உண்டு: 'இ' ஆறு நாளுக்கு ஒரு தடவை குறுக்கே வருகிறது.

தம்பி, மாடியில் மேகம் விலகியதா என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா. அதற்குள் கேள்விகளைக் கேட்கலாம்.