ஓய்வுக்காலத்துக்குக் கைகொடுப்பது குறிப்பேடே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘ஓய்வுபெற்றவரின் அன்றாடத்துக்குக் கைகொடுப்பது கைப்பேசியா, கையால் எழுதிய குறிப்பேடா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று வாதங்களை வைத்தார். மாத்திரை வேளைக்குக் கைப்பேசி மணியடிக்கிறது, நாளை வெயிலா மழையா என்று இன்றே சொல்கிறது, கேட்ட பொருளை வாசலில் கொண்டுவந்து இறக்குகிறது என்றார். மூன்றும் உண்மைதான். ஆனால் இந்த மூன்றிலும் காரியம் எங்கே கெடுகிறது என்று பாருங்கள். கெடுகிற அந்த இடத்தில் கைப்பேசி நமக்கு உதவுவதில்லை. அங்கேதான் குறிப்பேடு வேண்டியிருக்கிறது.

மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். உயிரோடு விளையாடுகிற விஷயம் அதுதான்.

மருந்தை நினைவூட்டும் ஆப், நாம் எதைப் பதிந்தோமோ அதையே திருப்பிச் சொல்லும். தப்பாகப் பதிந்தால் அந்தத் தப்பையே நாள் தவறாமல் நினைவூட்டும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டுமே சாப்பிட வேண்டிய மருந்து. அதைத் தினமும் என்று பதிந்துவிட்டால், தினமும் காலையில் மணியடித்து விஷத்தை விழுங்கச் சொல்லும் அந்தக் கருவி. இப்படித் தினமும் சாப்பிட்டு உயிரே போயிருக்கிறது, நடுவர் அவர்களே. குறிப்பேட்டில் ‘வாரம் ஒருமுறை, திங்கள் மட்டும்’ என்று எழுதியிருந்தால் டாக்டர் பார்ப்பார், மருந்துக்கடைக்காரர் பார்ப்பார், வீட்டில் உள்ளவர்கள் பார்ப்பார்கள். நான்கு பேர் கண்ணில் படுவதால் தப்பு தங்காது. ஆப்பில் பதிந்ததை நம்மைத் தவிர வேறு யார் திறந்து பார்க்கிறார்கள்?

அந்தப் பக்கத்தில் என்ன எழுத வேண்டும்? கம்பெனி வைத்த பெயர் மட்டும் போதாது, அட்டையில் அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரும் வேண்டும். எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எந்த நோய்க்கு, எழுதிக்கொடுத்தது யார், எந்தத் தேதியில் தொடங்கியது. நிறுத்தினால் நிறுத்திய தேதியும் காரணமும். நிறுத்திய மருந்தின் வரியை ஒரே கோட்டால் அடித்தால் போதும், அழிக்கவோ கிழிக்கவோ வேண்டாம். இரண்டு வருஷம் கழித்து வேறொரு டாக்டர் அதே மருந்தை எழுதும்போது, ‘இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று காட்ட அந்த வரி வேண்டும்.

தொடங்கிய தேதி எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுக்கிறார்கள். சிலருக்கு அதனால் கணுக்கால் வீங்கும். வீக்கத்தோடு இன்னொரு டாக்டரிடம் போனால், நீர் பிரியும் மாத்திரை எழுதப்படலாம். அது உப்புச்சத்தையும் நீரையும் இழுத்துக்கொண்டு போக, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வருகிறது. தலைசுற்றலுக்கு மூன்றாவது மாத்திரை. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து மேலே மேலே மருந்து ஏறுவது இப்படித்தான். குறிப்பேட்டில் அம்லோடிபின் தொடங்கிய தேதியும், அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ‘கால் வீக்கம்’ என்ற வரியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எந்த டாக்டரும் அரை நிமிஷத்தில் முடிச்சை அவிழ்த்துவிடுவார். எந்த மாத்திரையை விடுவது என்று நாமாக முடிவெடுக்க மட்டும் கூடாது.

சேரக் கூடாதவையும் அதே பக்கத்தில் வேண்டும். தைராய்டுக்கான லெவோதைராக்சின் வெறும் வயிற்றில், காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேரம் இடைவெளி. எல்லாவற்றையும் காலை எட்டு மணிக்கு ஒரே விழுங்காக விழுங்கினால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. பரிசோதனையில் அளவு சரியில்லை என்று வரும், மாத்திரையின் அளவை ஏற்றுவார்கள். கோளாறு மாத்திரையில் இல்லை, வேளையில் இருக்கிறது. கண் சொட்டு மருந்து இரண்டு வகை என்றால் நடுவே 5 நிமிடம் விட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது சொட்டு முதல் சொட்டைக் கழுவிவிடும். புட்டி திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். பல சொட்டு மருந்துகளைத் திறந்த 4 வாரத்தில் தூக்கிப் போட வேண்டும், அட்டையில் அச்சடித்த காலாவதித் தேதி திறக்காத புட்டிக்குத்தான்.

அடுத்தது வானிலை. கைப்பேசி ‘நாளை 40 டிகிரி’ என்று சொல்லும். சொல்லட்டும். அந்த 40 டிகிரி என் உடம்பில் என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும், வியர்ப்பதும் குறையும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் வெயில் நாளில் இன்னும் சீக்கிரம் வற்றிப்போவார். அதன் மேல் மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடும். காற்று 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடம்பைக் குளிர்விக்காது, சூட்டைத்தான் ஏற்றும். அப்போது ஈரத் துணியும், வீட்டிலேயே குளிர்ந்த அறையும்தான் துணை. இதயநோயாளிக்குத் தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தியிருப்பார்கள். ‘நிறைய தண்ணீர் குடியுங்கள்’ என்ற பொது அறிவுரை அவருக்கு ஆபத்து. வெயில் காலம் வருவதற்கு முன்பே, ‘கடும் வெயிலில் எவ்வளவு குடிக்கலாம், எந்த மாத்திரையைக் குறைக்கலாம்’ என்று டாக்டரிடம் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதி வைப்பதுதான் உண்மையான வானிலை முன்னறிவிப்பு.

இன்சுலின் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திறக்காததைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைந்துவிட்டால் பயன்படுத்தவே கூடாது. திறந்தது, பெரும்பாலான வகைகளில், வெயில் படாத அறையில் 28 நாள் தாங்கும். அந்த 28 நாள் எந்த நாளில் தொடங்கியது? குறிப்பேடுதான் சொல்லும்.

தினசரிக் கணக்கும் இருக்கிறது. இதயம் பலவீனமானவர் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், எடை பார்த்து எழுத வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதையில்லை, உடம்பில் சேரும் நீர். அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் 5 நிமிடம் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும், கை தொங்கினால் எண் கூடுதலாகக் காட்டும். பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்த்தால், மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைகிறதா என்று தெரியும். குறைந்தால் கீழே விழும் அபாயம் இருக்கிறது. இரண்டு வாரக் கணக்கை ஒரே பக்கத்தில் பார்க்கிற டாக்டருக்கும், ஆஸ்பத்திரியில் ஒருமுறை மட்டும் பார்க்கிற டாக்டருக்கும் தெரிகிற நோயாளி வேறு வேறு.

இப்போது எதிரணி பெரிதாகப் பேசிய இணையக் கடைக்கு வருகிறேன். அலுப்பு அங்கேதான் அதிகம். பொருள் வருகிறது, சரியான பொருள் வருவதில்லை. காரணம் பெரும்பாலும் அளவு. பிபி கருவியோடு வரும் பட்டை பல மாடல்களில் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்குத்தான். தோளுக்கும் முழங்கைக்கும் நட்டநடுவில் நாடாவைச் சுற்றி அளந்து எழுதி வைக்காமல் ஆர்டர் போட்டால், கை பெருத்தவருக்குப் பட்டை இறுக்கும், இல்லாத ரத்த அழுத்தத்தை இருப்பதாகக் காட்டும். காதொலிக் கருவியின் பேட்டரிக்கு நிறம் உண்டு: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். எண்ணையும் நிறத்தையும் எழுதி வைத்தால் கடைப் பக்கத்தில் தடுமாற வேண்டாம். வந்த பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் தாளை, போடும் நாள் வரை உரிக்கவே கூடாது. உரித்தால் காற்று புகுந்து, கருவியில் போடாமலே தீர்ந்துபோகும். உரித்தபின் சில நிமிடம் காற்றாட வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக ஓடும். காலணி அளவைச் சாயங்காலம் எடுங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும்.

ஆர்டர் போட்டதும் ஒரு வரி: ஆர்டர் எண், பணம் கட்டிய வழி, வருவதாகச் சொன்ன தேதி. வந்ததும் இன்னொரு வரி: திருப்பி அனுப்பக் கடைசி நாள். ‘பிறகு பிரித்துப் பார்க்கலாம்’ என்று பார்சலை அலமாரியில் வைத்தால் அந்தக் கெடு முடிந்துவிடும். வந்த அன்றே வீடியோ எடுத்தபடி பிரியுங்கள், பெட்டியையும் சீட்டையும் கெடு தீரும் வரை வைத்திருங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடவே வேண்டாம். அங்கே முதலில் வருவது மோசடிக்காரன் போட்ட எண்ணாகவும் இருக்கலாம். பணம் திருப்பித் தருகிறேன், இந்த ஆப்பைப் போடுங்கள், வந்த ஓடிபியைச் சொல்லுங்கள் என்பான். கடையின் சொந்த ஆப்புக்குள் இருக்கும் எண்ணை நிதானமான ஒரு நாளில் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டால், பதற்றத்தில் தேட வேண்டியதில்லை.

கைப்பேசியின் பூட்டுத் திரையிலேயே அவசர மருத்துவத் தகவல் தெரியும் என்று எதிரணி அடுத்து சொல்வார்கள். நல்ல வசதி, எல்லோரும் செய்துகொள்ளுங்கள். அதில் என்ன பதிவது என்பதற்கும் குறிப்பேட்டின் முதல் பக்கம் வேண்டும். போன மாதம் மாத்திரை மாறியபோது அதைத் திருத்தினோமா என்பது வேறு கேள்வி. எதிரணி நண்பர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இரவில் ஒருவர் விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது, பேச முடியவில்லை, கைப்பேசியில் சார்ஜ் இல்லை. ஆம்புலன்ஸில் வந்தவர் ‘ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார்?’ என்று கேட்கிறார். உங்கள் அணி அவர் கையில் எதைக் கொடுக்கும்? பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். நன்றி, வணக்கம்.